நாலு கோட்டில் ஒரு விலங்கு: இதில் என்ன திறமை?

"ரெண்டு முக்கோணம், நாலு கோடு போட்டுவிட்டு யானை என்கிறார்கள். வரையத் தெரியாததை மறைக்கும் வேலைதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். சில படங்கள் அப்படித்தான். நல்ல படங்கள் அப்படி இல்லை.

பிக்காசோவின் காளை வரிசையைத் தேடிப் பாருங்கள். 1945 டிசம்பரில் தொடங்கி 1946 ஜனவரி வரை பாரிஸில் கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறையில், செய்த 11 படங்கள். முதலில் நிஜக் காளை. அடுத்து குறைப்பார் என்று நினைப்போம், ஆனால் ஏற்றுகிறார்: இன்னும் கனமான, முரட்டு மாடு. அப்புறம்தான் கறிக்கடைக்காரர் மாதிரி உடம்பைப் பாகம் பாகமாகப் பிரிக்கிறார். கடைசியில் சில கோடுகள்தான் மிச்சம். தலை மிகச் சின்னதாகிவிட்டது. ஆனால் கொம்பு இருக்கிறது, இது பசு இல்லை என்று காட்டும் சிறு கோடு இருக்கிறது, உடம்பின் பாரமும் அப்படியே இருக்கிறது. மாட்டை முழுசாகத் தெரியாதவரால் இப்படிக் கழிக்க முடியாது.

ருமேனியச் சிற்பி பிரான்குசியின் 'விண்ணில் பறவை' சிற்பத்தில் இறக்கையும் கிடையாது, காலும் கிடையாது. மேலே எழும் பளபளப்பான வெண்கலம், அவ்வளவுதான். 1926-ல் நியூயார்க் சுங்கத்துறை அதைச் சிற்பமாகவே ஏற்காமல் சமையல் சாமான் வகையில் சேர்த்து 40 சதவீதம் வரி போட்டது. உங்கள் கேள்விதான் அங்கே வழக்காகப் போனது. 1928-ல் பிரான்குசி பக்கம் தீர்ப்பு வந்தது.

எங்கள் புதுச்சேரியில் ஊசுடு ஏரிக்கரையில் நின்று சின்னக் கொக்கை வரைந்து பார்த்தால் இது புரியும். கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம் என்று கண்ணில் படுவதையெல்லாம் வரையத் தோன்றும். அதையெல்லாம் விட்டாலும் கொக்கு கொக்காகவே இருக்கிறது. மீனைக் கொத்தப் போகும்முன் கழுத்தைப் பின்னுக்கு இழுத்து மடிக்கிறதே, அந்த வளைவு தப்பினால் மட்டும் வாத்தாகிவிடுகிறது.

இங்கே காபிக் கடைச் சுவர்களில் முக்கோணம் முக்கோணமாக வெட்டிய சிங்கமும் நரியும் நிறைய பார்க்கிறேன். எனக்குப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. முக்கோணத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் விலங்கைத் திணித்திருக்கிறார்கள். காதை மட்டும் மாற்றினால் நரி பூனையாகிவிடும். ஒரு படம் நல்லதா என்று பார்க்க நான் செய்வது இதுதான்: ஒரு கோட்டை விரலால் மறைத்துப் பார்ப்பேன். விலங்கு கலைந்துபோனால் அந்தக் கோட்டுக்கு அங்கே வேலை இருக்கிறது.