டேக்அவுட்டில் போட்டோவை இறக்கியாச்சு, ஆன்லைனில் அழித்துவிடலாமா?

கேள்வி: என் கூகுள் கணக்கில் 15 ஜிபி நிரம்பிவிட்டது. மாதாமாதம் பணம் கட்ட மனமில்லாமல், நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் டேக்அவுட் சேவையில் எல்லாப் படங்களையும் இறக்கி ஹார்டு டிஸ்க்கில் போட்டேன். பாதிப் படங்களுக்கு இறக்கிய நாளின் தேதிதான் காட்டுகிறது, நடுநடுவே ஜேசன் என்று ஏதோ கோப்புகள். அதை நீக்கிவிட்டு ஆன்லைனில் இருப்பதையும் அழித்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், இப்போதைக்கு இரண்டையும் தொட வேண்டாம். அந்த ஜேசன் குப்பை இல்லை. நோட்பேடில் திறந்து பாருங்கள், படம் எடுத்த நேரம், இடம், நீங்கள் எழுதிய குறிப்பு எல்லாம் அதில்தான் இருக்கும். கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே தேதி பதிந்திருக்கும் என்பதால் கவலையில்லை, ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அது கிடையாது, கோப்பின் பெயரில் 20190115 என்று இருந்தால் அந்த வருஷப் பொங்கல் என்று நாமே புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஜேசனில் உள்ள தேதியைப் படத்துக்குள் எழுத எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

அப்புறம், 2 ஜிபி ஜிப்களாக இறக்கியிருந்தால் படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் இன்னொன்றிலும் கிடக்கலாம். எல்லாவற்றையும் ஒரே போல்டரில் பிரித்துப் போடுங்கள். எத்தனை ஜிப் என்று எண்ணுங்கள், ஒவ்வொன்றும் திறக்கிறதா என்றும் பாருங்கள். நெட் பாதியில் நின்று அரைகுறையாக இறங்கிய ஜிப்பை நான் கவனிக்காமல் விட்டேன், ஞாபகம் வந்தபோது டேக்அவுட் தந்த லிங்க் காலாவதியாகியிருந்தது. ஒரு வாரம்தான் அதற்கு ஆயுள்.

இதெல்லாம் முடிந்து, இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு காப்பி எடுத்த பிறகு அழியுங்கள். போன் ஆப்பில் அழித்தால் போனில் உள்ள படமும் சேர்ந்து போகும், ஜாக்கிரதை. தவறி அழித்துவிட்டால் பதற வேண்டாம், டிராஷில் 60 நாள் இருக்கும். அந்த 15 ஜிபியில் ஜிமெயிலும் டிரைவும் அடக்கம் என்பதால், பழைய பெரிய அட்டாச்மென்ட்களை நீக்கினாலே சிலருக்குப் போதும்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் எழுதியதை இறக்கினால் தமிழ் முழுக்கப் புரியாத குறிகளாக வருகிறதே?

பதில்: ஜேசன் வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். திரும்பக் கேளுங்கள், இம்முறை எச்டிஎம்எல் என்று கொடுங்கள், தமிழ் ஒழுங்காக வரும். படத்தின் தரத்தையும் மறக்காமல் உயர்வு என்று மாற்றுங்கள்.