பழைய காரின் ஆக்ஸில் பூட்: கேள்விகளும் பதில்களும்

முன்சக்கர இயக்கமுள்ள காரில் கியர் பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குச் செல்லும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டுகளின் முனைகளிலும் மூட்டுகள் இருக்கின்றன. சக்கரப் பக்கத்தில் வெளி மூட்டு, கியர் பாக்ஸ் பக்கத்தில் உள் மூட்டு என்று பக்கத்துக்கு இரண்டாக அந்த நான்கு மூட்டுகளையும் மூடியிருக்கும் ‘பூட்’ எனும் ரப்பர் உறைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை: ஜாக்கி மட்டுமே தாங்கி நிற்கும் காரின் அடியில் யாரும் போகக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டுகளின் மேல் காரை இறக்கிய பிறகே கீழே குனியுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் காருக்கு 12 வயது ஆகிறது. வெளிப்பக்கத்து பூட் கிழிந்துவிட்டது, ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். ஒரு ரப்பர் கிழிந்ததற்கு இவ்வளவு பெரிய செலவு தேவையா?

தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். மூட்டைத் திறந்து பார்க்காமல் அதை முடிவு செய்ய முடியாது. சக்கரப் பக்கத்து மூட்டில், பெரும்பாலான கார்களில், ஆறு எஃகு உருண்டைகள் ஒரு கூண்டுக்குள் அமர்ந்து, உள்வளையத்திலும் வெளிக்கிண்ணத்திலும் கடைந்த பள்ளங்களில் ஓடுகின்றன. ஆல்ஃபிரெட் ரெஸெப்பா 1920-களில் உருவாக்கிய அமைப்பு இது; 1959-இல் வெளிவந்த மினி காரில் இடம்பெற்ற பிறகு சிறிய கார்களிலும் பரவியது. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி, மூட்டு ஏறத்தாழ 45 பாகை வரை வளைந்து நிற்கும்போதும் சுழற்சி சீராகச் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது இந்த உருண்டைகளால்தான். அவற்றுக்கு உயவு தருவது ஒரு கைப்பிடி அளவு கிரீஸ் மட்டுமே. உறை கிழிந்தால் சுழற்சியின் வேகமே அந்தக் கிரீஸை வெளியே வீசிவிடுகிறது. அதே கிழிசல் வழியாக மணலும் நீரும் உள்ளே நுழைகின்றன.

ஆகவே உங்கள் மெக்கானிக்கிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். வண்டியை முழுவதும் திருப்பி ஓட்டும்போது சத்தம் வருகிறதா? மிஞ்சியிருக்கும் கிரீஸை விரல்களுக்கிடையே தேய்த்தால் நறநறக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்பது பதிலானால், மூட்டைக் கழற்றிக் கழுவி, பள்ளங்களில் உருண்டைகள் ஓடும் தடத்தில் குழியோ நகம் தட்டும் விளிம்போ இல்லை என்று பார்த்து, புதிய உறையும் புதிய கிரீஸும் போட்டால் போதும். தடத்தில் குழி விழுந்திருந்தால் உங்கள் மெக்கானிக் சொல்வதே சரி. கிரீஸ் தேய்மானத்தைத் தடுக்கும். தேய்ந்துபோன எஃகைத் திரும்பத் தராது.

கேள்வி: கிழிவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா? வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

இத்தனை கேள்விகளில் நான் மிகவும் எதிர்பார்த்தது இதுதான். ரப்பரில் வெடிப்பு தோன்றுவதற்கும் உறை கிழிவதற்கும் இடையே பெரும்பாலும் நல்ல அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் பார்த்துவிட்டால் உறைக்கான செலவோடு முடிந்துவிடும்.

வெளிப்பக்கத்து உறைகளைப் பார்க்கக் காரைத் தூக்கவே வேண்டியதில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை திருப்பி, எஞ்சினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுச் சக்கரத்தின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வளைவின் வெளிப்புறத்தில் உறையின் மடிப்புகள் விரிந்து நிற்கும். மடிப்பின் முகட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தைப் பாருங்கள். முகடு நன்றாக இருக்கும்போதே பள்ளத்தில் வெடிப்பு தொடங்கியிருக்கும். ஒளியைச் சாய்வாக அடித்தால் மயிரிழை வெடிப்பும் நிழலோடு தெரியும். பிறகு காரைக் கால் சுற்று அளவுக்கு நகர்த்தி மறுபடி பாருங்கள். உறையின் சுற்றளவு முழுவதும் கண்ணில் படும் வரை இப்படியே நகர்த்த வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுந்துவிடுபவர்களின் காரில்தான் மறுபக்கத்துக் கிழிசல் மாதக்கணக்கில் இருக்கிறது.

ரப்பர் ஆறியிருக்கும்போது இரு கட்டை விரல்களால் ஒரு மடிப்பை மெல்ல விரித்துப் பாருங்கள். மேற்பரப்பில் மட்டும் வலைபோல் நுண்கோடுகள் தெரிந்தால் முதுமை தொடங்கிவிட்டது என்று குறித்துக்கொண்டு அடிக்கடி கவனியுங்கள். கோடு பள்ளத்தோடு சேர்ந்து நீளமாக ஓடி, விரிக்கும்போது வாய் திறந்தால், உடனே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். அதன் ஓரம் ஈரமாக மினுங்கினால் ஏற்கெனவே துளை விழுந்துவிட்டது.

உறையின் இரு வாய்களையும் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புகளையும் மறக்காதீர்கள். உறை நன்றாக இருந்தும் கிளாம்ப் தளர்ந்ததால் கிரீஸ் வழிவதுண்டு. சக்கரத்தின் உட்புறத்திலும் பிரேக் காலிப்பரிலும் கருஞ்சாம்பல் நிறத்தில் கோடு கோடாக கிரீஸ் தெறித்திருந்தால் உறையைத் தேட வேண்டியதே இல்லை. கிழிசல் அந்தக் கோட்டுக்கு நேராகத்தான் இருக்கும். உட்பக்கத்து உறைகளுக்கு மட்டும் காரைத் தூக்க வேண்டும், ஸ்டாண்டு வைத்து. எஞ்சின் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் நான்கு உறைகளையும் பார்த்துவிட்டால் போதும்.

கேள்வி: திருப்பத்தில் மட்டும் ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது. நேராக ஓட்டும்போது இல்லை.

வெளி மூட்டு தேய்ந்திருக்கிறது. காலியான இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். சத்தம் வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறைந்தால் உறுதி. நேரான சாலையில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது வண்டி அதிர்ந்தால் உள் மூட்டைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: ரப்பர் காயாமல் இருக்க என்ன பூசலாம்? கிரீஸ், டீசல், வாசலின் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பெட்ரோலியத்திலிருந்து வரும் எதையும் பூசாதீர்கள். ரப்பர் அதை உறிஞ்சி ஊதும், மென்மையாகும், கிளாம்ப்பின் பிடியிலிருந்து நழுவும். பூசித்தான் ஆக வேண்டும் என்றால், நீரில் கலந்த சிலிக்கோன் திரவத்தைத் துணியில் எடுத்துத் துடையுங்கள். ஸ்பிரேயாக அடிக்காதீர்கள், பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. ஆனால் பூச்சை நம்பி, பார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: மேலே உள்ள பதிலை நான் ஏற்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிலிக்கோன் பூசி வருகிறேன், என் காரின் உறைகள் புதிதுபோல் மின்னுகின்றன. பூச்சால் பயன் குறைவு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

நீங்கள் அக்கறையோடு பராமரிப்பதை மதிக்கிறேன். ஆனால் மின்னுவதை நலத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த உறைகள் பெரும்பாலும் குளோரோப்ரீன் ரப்பரிலோ தெர்மோபிளாஸ்டிக்கிலோ செய்யப்படுகின்றன. ரப்பர் உறையின் முதன்மையான பகை காற்றிலுள்ள ஓசோன். ரப்பர் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகளை அது அறுக்கிறது. இழுவையில் இருக்கும் இடத்தில் அந்த அறுப்பு வெடிப்பாக வாய் பிளக்கிறது. வெடிப்பு எப்போதும் இழுவைக்குக் குறுக்காகவே ஓடுவதற்குக் காரணம் இதுதான். இதைத் தடுக்க, தயாரிக்கும்போதே மெழுகும் ஓசோன் தடுப்பு வேதிப்பொருள்களும் ரப்பருக்குள் கலக்கப்படுகின்றன; அவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து படிகின்றன. அசையாத ரப்பரில் மெழுகுப் படலம் நன்றாகக் காக்கும். ஓயாமல் மடிந்து விரியும் உறையில் அந்தப் படலம் உடைந்துகொண்டே இருப்பதால், உள்ளிருந்து வரும் வேதிப்பொருளையே அது நம்பியிருக்கிறது. வெளியே பூசுகிற படலத்துக்கும் இதே கதிதான். பூசுவதற்கு முன் கரைப்பான் ஊற்றித் துடைப்பவர்கள், உள்ளிருந்து வந்து படிந்த காப்பையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார்கள்.

கேள்வி (அவரே): அப்படியானால் என் உறைகள் இத்தனை ஆண்டு தாங்கியது எப்படி?

காரை எங்கே நிறுத்துகிறீர்கள், சக்கரங்களை எப்படி விடுகிறீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

கேள்வி (அவரே): மூடிய நிழலில், சக்கரங்களை நேராக வைத்து நிறுத்துகிறேன். எஞ்சினில் ஆயில் கசிவும் இல்லை.

உங்கள் உறைகளைக் காத்தவை இவைதான் என்று நினைக்கிறேன். ஸ்டியரிங்கைத் திருப்பிய நிலையிலேயே இரவெல்லாம் நிறுத்தினால் மடிப்புகள் ஒரு பக்கம் விரிந்தே கிடக்கும். விரிந்த ரப்பரைத்தான் ஓசோன் வெடிக்க வைக்கும். நேராக விட்டால் அந்த இழுவை குறைகிறது. நிழலில் வெயிலும் சூடும் குறைவு; கசிவு இல்லாததால் உட்பக்கத்து ரப்பர் ஊதவில்லை. பூசும்போதெல்லாம் நீங்கள் குனிந்து உறையைக் கையால் தொட்டுப் பார்க்கிறீர்கள், அதன் பயன் சிலிக்கோனின் பயனைவிடப் பெரிது. தொடர்ந்து பூசுங்கள், தடையில்லை. பூசுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த நிலையில் பள்ளங்களைப் பார்த்துவிடுங்கள். ஈரப் பளபளப்பு மயிரிழை வெடிப்பை மறைத்துவிடும்.

கேள்வி: நானும் அவர் கட்சிதான். டயருக்குப் பூசும் பாலிஷையே உறைக்கும் பூசலாமே?

அதில் பெட்ரோலியக் கரைப்பான் கலந்திருக்கிறதா என்று டப்பாவில் பாருங்கள். கலந்திருந்தால் வேண்டாம்.

கேள்வி: சிறிய கிழிசல்தான். பசையோ டேப்போ போட்டு ஒட்டலாமா?

கூடாது. கிரீஸ் பட்ட ரப்பரில் பசை பிடிக்காது. பிடித்தாலும் முதல் திருப்பத்திலேயே மடிப்பு அதைப் பிய்த்துவிடும்.

கேள்வி: ஷாஃப்ட்டைக் கழற்றாமல் பிளவு வைத்து ஒட்டும் உறை கிடைக்கிறதே, அது பரவாயில்லையா?

பயணத்தின் நடுவில் மாட்டிக்கொண்டால் அவசரத்துக்கு ஆகும். ஒட்டும் ஓரத்தில் கிரீஸின் தடமே இருக்கக் கூடாது என்பதும், மூட்டைக் கழற்றிக் கழுவ முடியாது என்பதும் அதன் குறைகள். ஏற்கெனவே மணல் புகுந்த மூட்டில் அதைப் போட்டால் மணலை உள்ளே வைத்துத் தைத்தது போலாகும்.

கேள்வி: புது உறை போடும்போது எந்த கிரீஸ் போடுவது? வீல் பேரிங் கிரீஸ் கையில் இருக்கிறது.

அது வேண்டாம். உறையோடு வரும் பொட்டலத்தில் உள்ள கிரீஸை மட்டும், அதில் உள்ள அளவு முழுவதையும் போடுங்கள். வெளி மூட்டுக்குப் பெரும்பாலும் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கரிய கிரீஸ் வரும். உள் மூட்டுக்கு வேறு வகை வரலாம், இரண்டையும் கலக்கக் கூடாது. கிளாம்ப்பை இறுக்கும் முன் உறையின் சிறிய வாயை மழுங்கிய கருவியால் சற்றுத் தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். இல்லையென்றால் உறை உப்பியோ உறிஞ்சப்பட்டோ நிற்கும், மடிப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேயும். கிளாம்ப்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கட்டு போடுவது தவறு. ஷாஃப்ட்டைச் சக்கரத்தோடு பிணைக்கும் ஆக்ஸில் நட்டைப் புதிதாகவே மாற்றி, உங்கள் காரின் கையேட்டில் உள்ள இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச்சால் முறுக்குங்கள். அது முடியும் வரை காரின் எடையைச் சக்கரத்தில் இறக்காதீர்கள், பேரிங் கெடும்.

கேள்வி: திருப்பும்போது டக் டக் என்று கேட்கிறது, உறையை மட்டும் மாற்றினால் நிற்குமா?

நிற்காது. இதே கேள்விக்கு மேலே இரண்டு இடங்களில் பதில் இருக்கிறது. தயவுசெய்து முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஸ்டியரிங் ராக்கின் உறையும் கிழிந்திருக்கிறது. அதுவும் இதுதானா?

அல்ல. அது ராக்கின் முனையில் துருத்திபோல் இருக்கும் வேறு உறை. ராக்கைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: உட்பக்கத்து உறையைச் சுற்றி ஈரமாக இருக்கிறது. கிழிசல் எதுவும் தெரியவில்லை.

தொட்டுப் பாருங்கள். கெட்டியாகக் கருமையாக இருந்தால் கிளாம்ப் வழியாக கிரீஸ் வருகிறது. நீர்போல் மெலிதாக ஓடினால் கியர் பாக்ஸின் ஆயில் சீலோ, மேலே எஞ்சினோ கசிகிறது. கசிவை முதலில் நிறுத்துங்கள். ஆயிலில் ஊறிக்கொண்டிருந்தால் புது உறை போட்டாலும் நிலைக்காது.

கேள்வி: ஜாக்கியில் ஒரு பக்கம் மட்டும் தூக்கி, ஐந்து நிமிடம்தானே என்று பார்க்கலாமா?

முடியாது. ஐந்து நிமிடமானாலும் ஸ்டாண்டு வைத்த பிறகே கீழே குனியுங்கள்.

கேள்வி: பின்சக்கர இயக்கமுள்ள எங்கள் பழைய வண்டிக்கும் இந்தச் சோதனை உண்டா?

பின்னால் ஒரே இரும்புக் குழலாக ஆக்ஸில் இருந்தால் இந்த உறைகள் அங்கே இல்லை. பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டியானால் பெரும்பாலும் உண்டு. அதே முறையில் பாருங்கள்.