சாரணர் குழுவுக்குப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் சாரணர் குழுவில் பிள்ளைகள் குறைந்துவருகிறார்கள், பெரியவர்களும் உதவிக்கு வருவதில்லை. என்ன செய்யலாம்?

இங்கே சாரணர் இயக்கம் 1910இல் தொடங்கியது. ஆனால் அந்தப் பெருமையைச் சொல்லி ஒரு பிள்ளையையும் இழுக்க முடியாது. பெரும்பாலான குழுக்கள் பள்ளிகளில், இணைப்பாட நடவடிக்கையாக, அதாவது வகுப்புப் பாடங்களுக்கு வெளியே நடக்கும் நடவடிக்கையாக இயங்குகின்றன. உயர்நிலைப் பள்ளியின் முதலாம் ஆண்டில் சேரும் மாணவர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் இப்படிப்பட்ட நடவடிக்கை ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்தச் சில நாள்களைத் தவறவிட்டால் ஓராண்டு போயிற்று.

அறிமுக நாளில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நான்கு மூங்கில் கழிகளையும் ஒரு கயிற்றுச் சுருளையும் தரையில் போடுங்கள். வருகிற பையனையே கட்டச் சொல்லுங்கள். முதல் முடிச்சு நழுவும், சிரிப்பான், இரண்டாவது இறுகும். தான் கட்டிய முக்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் பெயர் கொடுக்காமல் போவது அபூர்வம். பேசும் பொறுப்பை ஆசிரியரிடம் விடாமல் ஓராண்டு மூத்த மாணவனிடம் கொடுங்கள்.

பெரியவர்கள் விஷயம் வேறு. "தொண்டூழியர் தேவை" என்ற பொது அழைப்புக்கு யாரும் அசைவதில்லை. பள்ளி வாசலில் காத்திருக்கும் அப்பாவிடம் நேரில் போய், "அண்ணே, அடுத்த முகாமில் சமையலை மட்டும் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா?" என்று கேளுங்கள். சிறிய, முடிவு தெரிந்த வேலைக்கு மறுப்பு வருவது குறைவு.

முன்னாள் உறுப்பினர்களையும் மறக்காதீர்கள். தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவ, சீருடைப் பணிக்குப் போகும் இளையர்களுடன் அந்த இரண்டாண்டும் தொடர்பு அறுந்துவிடுகிறது, நாமும் தேடுவதில்லை. தீபாவளிக்கு ஒரு வாழ்த்தாவது அனுப்பி வையுங்கள்.