அம்மாவுக்கு விரல் வலி, கிராஃப்ட்டும் தெரியாது: கிறிஸ்மஸுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயசு, தூத்துக்குடில எங்க கூட இருக்காங்க. அப்பா தவறிட்டதால போன வருஷம் வீட்ல ஸ்டார் கூட போடல. இந்த வருஷம் நானே கையால ஏதாவது செய்யணும்ங்கறாங்க. ஆனா தையல், பின்னல்னு எதுவும் பழக்கம் இல்ல, விரல் மூட்டுல வலி, காலைல மடக்கவே முடியாது, சுகரும் இருக்கு. ஆன்லைன்ல 1,499 ரூபாய்க்கு ஒரு கிறிஸ்மஸ் கிராஃப்ட் கிட் பார்த்தேன், வாங்கலாமா? இன்னொருத்தர் வாட்ஸ்அப்ல, ஸ்டார் செஞ்சு கொடுத்தா ஒண்ணுக்கு 40 ரூபா தர்றோம், மெட்டீரியலுக்கு 3,000 டெபாசிட் கட்டுங்கன்னு சொல்றார். அம்மாவுக்கு அதுல ரொம்ப ஆசை.

பதில் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது வலியோ குறையோ இருக்கிறவங்க அன்றாட வேலையைத் தாங்களே செய்யப் பழக்குறவர்):

முதல்ல அந்த 3,000 ரூபாயைக் கட்டாதீங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.

இந்த ஆளுங்க நவம்பர் ஆனா கிளம்பிடுவாங்க. வீட்லயிருந்தே ஸ்டார் ஒட்டுங்க, கார்டு ஒட்டுங்க, கவர் ஒட்டுங்கன்னு மெசேஜ் வரும், ரிட்டயர் ஆனவங்களையும் வீட்டோட இருக்கிற பெரியவங்களையும் பார்த்துத்தான் வலை வீசுறாங்க. டெபாசிட் கட்டினதும் கொஞ்சம் பேப்பரும் ஒரு அக்ரிமென்ட்டும் வரும். முதல் தடவை செஞ்சு கொடுத்ததுக்கு நம்பிக்கை வரட்டும்னு சின்னதா ஒரு தொகை போடுவாங்க. ரெண்டாவது தடவை எல்லாமே ‘குவாலிட்டி சரியில்ல’, அக்ரிமென்ட்ல எங்கயோ பொடி எழுத்துல இருக்கிற வரியைக் காட்டி டெபாசிட்டைத் தர மாட்டாங்க, அதுக்கப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப். சிலர் அதோட விடாம, உங்க பணத்தைத் திருப்பி அனுப்புறோம், போன்ல யுபிஐ பின் நம்பர் போடுங்கன்னு சொல்லி இருக்கிற பணத்தையும் எடுத்துடுவாங்க. பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் தேவையே இல்ல, இதை அம்மாகிட்ட தனியா உக்கார வச்சு சொல்லுங்க. ஒருவேளை ஏற்கெனவே கட்டியாச்சுன்னா இன்னைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. வேலை கொடுக்கிறவன் வேலை செய்றவங்ககிட்ட காசு கேட்டா அது வேலையே இல்ல.

என்கிட்ட வர்ற பெரியவங்கள்ல இப்படி ஏமாந்தவங்க நிறைய பேர். பணம் போனதை விட, ‘நீ செஞ்சது சரியில்ல’ன்னு ஒருத்தன் சொன்னதை நம்பி அப்புறம் கத்தரியையே தொடாம விட்டவங்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருது.

கிட்டும் வேண்டாம். அதுல பெரும்பாலும் இருக்கிறது பொடி மணி, ஜிகினா, ஃபோம் ஷீட், பிளாஸ்டிக் கண்ணு, அப்புறம் பொடி எழுத்துல இங்கிலீஷ்ல ஒரு பேப்பர். பத்து வயசுப் பிள்ளையோட விரலையும் கண்ணையும் மனசுல வச்சு பண்ணினது. அதை வீங்கின மூட்டு உள்ளவங்க கையில கொடுத்தா அரை மணி நேரத்துல ‘எனக்கு இதெல்லாம் வராது’ன்னு சொல்லிடுவாங்க, பொருளோட குறை அவங்க குறையாயிடும்.

சரி, என்ன செய்யலாம்? ரெண்டே ரெண்டு வேலை சொல்றேன்.

முதல் வேலை பேப்பர் கவர் ஸ்டார். பேக்கரில பப்ஸ், பன் போட்டுத் தர்ற பிரவுன் கவர் இருக்குல்ல, அதுல ஒரே சைஸ்ல பத்து வாங்குங்க. பக்கவாட்டுல உள்மடிப்பு இருக்கிற கவரா இருந்தா நல்லா விரியும். வீடியோல காட்டுறவங்க எல்லா கவரையும் ஒட்டி முடிச்சு, மொத்தமா அடுக்கி ஒரே வெட்டுல முனையை வெட்டுவாங்க. அம்மா அப்படி செய்யக் கூடாது, அவ்வளவு தடிமனை வெட்டும்போது கட்டைவிரல் அடி மூட்டுல முழு பாரமும் இறங்கும், அங்கதான் வலியே. அதனால வெட்டுறதை முன்னாடியே முடிச்சுக்கணும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைல கூர் முனை மாதிரி ஒரு அளவு வெட்டி நீங்க கொடுத்துடுங்க, அவங்க அதை கவரோட திறந்த வாய் பக்கம் வச்சு பென்சில்ல வரைஞ்சு ரெண்டு ரெண்டு கவரா வெட்டட்டும். கத்தரி, விட்டா தானா திறந்துக்கிற ஸ்ப்ரிங் வச்சதா இருக்கட்டும்.

அப்புறம் ஒட்டுறது. கவரை மூடின அடிப்பக்கம் உங்களைப் பார்த்த மாதிரி வச்சு, அடியோரமா ஒரு கோடு, அதோட நடுவுலயிருந்து கூர் முனை வரைக்கும் மேல ஒரு கோடு பசை, அது மேல அடுத்த கவர் அதே திசைல. இப்படியே எட்டு கவர். காய்ஞ்சதும் முதல் கவரையும் கடைசி கவரையும் பிடிச்சு வட்டமா விரிச்சா ஸ்டார். வட்டம் மூடலன்னா இன்னொரு கவர் சேர்த்துக்கலாம், அதுக்குத்தான் பத்து வாங்கச் சொன்னது. மூடினதும் ரெண்டு ஓரத்தையும் அதே பசையால ஒட்டி, ஒரு முனைல ஓட்டை போட்டு நூல் கட்டிடுங்க. பசைக்கு பெரிய சைஸ் க்ளூ ஸ்டிக் வாங்கி அதைச் சுத்தி ஒரு துணி கட்டிடுங்க, தடியா இருந்தா விரலை இறுக்க வேண்டியதில்ல. ஃபெவிகால் ஈரம், மெல்லிசு கவர் சுருங்கிடும். உள்ள லைட் போடணும்னா எல்இடி மட்டும்தான், ஜீரோ வாட்னு விக்கிற பழைய குண்டு பல்பு பேரு மட்டும்தான் ஜீரோ, பேப்பரைச் சூடாக்கும்.

நேரம் காலைல வேண்டாம், விரல் இறுக்கம் விட்ட பிறகு பதினொரு மணிக்கு மேல. வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் கையை வச்சுட்டு ஆரம்பிச்சா இன்னும் சுலபம். இருபது நிமிஷம் செஞ்சா எழுந்து நடக்கணும், ஒரே நாள்ல முடிக்கணும்னு யாரும் சொல்லல. மேஜைல கருநீலத் துணி விரிச்சா பேப்பர் ஓரம் கண்ணுக்குத் தெளிவா தெரியும்.

இங்க ஒரு விஷயத்தை நான் இழுத்துத்தான் சொல்லணும், ஏன்னா உங்க அம்மாவுக்கு சுகர் இருக்கு. சுகர் பல வருஷமா இருக்கிறவங்கள்ல சிலருக்குக் கால் மரத்துப் போற மாதிரி விரல் நுனியும் மரத்துப் போகும், அது அவங்களுக்கே தெரியாது, ஏன்னா வலிக்காது. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிட்டு ஒவ்வொரு விரல் நுனிலயும் பஞ்சால லேசா தொட்டு, எந்த விரல்னு கேளுங்க. தப்பா சொன்னாலோ, தொட்டதே தெரியலன்னாலோ நான் மேல சொன்ன வெந்நீர் விஷயம் அப்படியே மாறுது: தண்ணி சூட்டை நீங்கதான் உங்க கையை விட்டுப் பார்க்கணும், அவங்க ‘சரியாத்தான் இருக்கு’ன்னு சொல்றதை எடுத்துக்கக் கூடாது. ஸ்டேப்ளர், ஊசி, குண்டூசி மேஜைல இருக்கவே கூடாது. வேலை முடிஞ்சதும் கைல வெட்டு, கீறல் இருக்கான்னு வெளிச்சத்துல நீங்க பார்க்கணும், பத்து விரலும், ரெண்டு பக்கமும், ஒவ்வொரு தடவையும். அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது இந்த மரப்பைக் கட்டாயம் சொல்லுங்க. விரல்ல உணர்ச்சி நல்லா இருந்தாலும் சரி, க்ளூ கன் மட்டும் வேண்டவே வேண்டாம், சூடு குறைவான வகையே சுமார் 120 டிகிரி, வயசான தோல் மெல்லிசு, அந்தப் பசை பட்டா ஒட்டிக்கிட்டே சுடும்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரில யாராவது சொல்லியிருக்கணும். மூட்டு வலின்னு போனா மாத்திரை எழுதிட்டு ‘கைக்கு ரெஸ்ட் கொடுங்க’ன்னு அனுப்பிடறாங்க, அந்தக் கையால எதை எப்படி செய்யலாம்னு சொல்ல ஆள் இல்ல. வேலூர் சி.எம்.சி-ல ஆக்குபேஷனல் தெரபிக்குப் பட்டப்படிப்பே இருக்கு, ஆனா எங்களை மாதிரி ஆளுங்க இருக்கோம்னே பல குடும்பங்களுக்குத் தெரியாது. முதியோர் இல்லத்துலயும் இதே கதைதான், டிசம்பர்ல கூட்டமா வந்து கேக் கொடுத்து, தொப்பி மாட்டி, ஃபோட்டோ எடுத்துட்டு போயிடுவாங்க, அந்தப் பெரியவங்க கையில ஒரு பேப்பரைக் கொடுத்து கூட உக்கார ஒருத்தருக்கும் நேரம் இருக்காது.

ரெண்டாவது வேலை குடில் புல். இது அம்மாவுக்கே தெரிஞ்சதா இருக்கலாம், சின்ன வயசுல வீட்ல யாராவது போட்டிருப்பாங்க. ஒரு கைப்பிடி கேழ்வரகை ராத்திரி முழுக்க ஊற வச்சு, தட்டுல ரெண்டு விரல்கடை உயரத்துக்குத் தென்னை நார்த்தூள் பரப்பி, மேல நெருக்கமா தூவி, லேசா மண்ணு தூவி மூடிடணும். தண்ணி ஊத்த வேண்டாம், தெளிச்சா போதும், தேங்கினா அழுகிடும், கொசுவும் வரும். ரெண்டு மூணு நாள்ல முளை விடும், பத்து நாள்ல குடில்ல வைக்கிற அளவுக்குப் புல் நிக்கும். ஜன்னல் பக்கம் வச்சா வெளிச்சம் வர்ற பக்கமா சாயும், அதனால தினமும் தட்டைத் திருப்பி வைக்கிற வேலையை அம்மாகிட்டயே விடுங்க. டிசம்பர் 13, 14 வாக்குல ஊறப் போட்டா சரியா இருக்கும். கடைல வறுத்ததோ மாவோ இல்லாம முழு தானியமா கேட்டு வாங்குங்க.

நாலு பட்டைப் பேப்பரை மடிச்சுப் பின்ற ஸ்டார் வீடியோவும், பனை ஓலை ஸ்டார் வீடியோவும் உங்களுக்கு வரும், பார்க்க அழகா இருக்கும். இந்த வருஷம் வேண்டாம். அதுல ஒவ்வொரு முனையையும் விரல் நுனியால கிள்ளி இறுக்கணும், பழகின கைக்கே வலிக்கும்.

பேப்பர் கவர், பசை, கேழ்வரகு, நார்த்தூள் எல்லாம் சேர்த்தாலும் அந்த கிட் விலைல பாதி கூட வராது, மிச்சத்துல நல்ல ஸ்ப்ரிங் கத்தரியா வாங்கிக் கொடுங்க. முதல் கவர் ஸ்டார் கோணலா வந்தா நீங்க பிரிச்சுத் திருத்தாதீங்க, அப்படியே வாசல்ல மாட்டுங்க.