கூட இருப்பவர் வேண்டாம் என்கிறார். என் அறையை நான் உள்வாடகைக்கு விடலாமா?

கேள்வி: காரைக்குடி கழனிவாசல் பக்கம் நானும் இன்னொருவரும் சேர்ந்து இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வாடகை 12,000, அட்வான்ஸ் 40,000. இரண்டிலும் பாதி என்னுடையது. அலுவலகத்தில் ஆறு மாதம் என்னை ஓசூருக்கு அனுப்புகிறார்கள். அதுவரை என் அறையைத் தெரிந்த பையன் ஒருவனுக்கு விடலாம் என்றால், கூட இருப்பவர் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். பாதி வாடகை கட்டுகிற எனக்கு அந்த உரிமை இல்லையா?

பதில்:

இப்போதைக்கு இல்லை. கூட இருப்பவர் மறுக்கிறார் என்பது அதற்கு இரண்டாவது காரணம்தான். வீட்டுக்காரரிடம் நீங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை என்பது முதல் காரணம். கேள்வி முழுக்க அந்த மனிதர் ஓரிடத்திலும் வரவில்லை.

"என் அறை" என்கிறீர்கள். வாடகை ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். இந்த ஊரில் என் கைக்கு வந்த ஒப்பந்தம் எதிலும் தெருப்பக்கத்து அறை இன்னாருக்கு, கொல்லைப்பக்கத்து அறை இன்னாருக்கு என்று எழுதிப் பார்த்ததில்லை. வீட்டை மொத்தமாக இரண்டு பேருக்கும் விட்டிருப்பார்கள். யார் எந்த அறையில் படுப்பது என்பது உங்களுக்குள் வாய்ப்பேச்சாகப் பேசிக்கொண்டது. அதை வைத்து மூன்றாவது ஆளிடம் காசு வாங்க வழியில்லை.

தமிழ்நாட்டில் வாடகைக்கு இப்போது நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்காமல் வீட்டை முழுசாகவோ ஒரு பகுதியையோ உள்வாடகைக்கு விடக் கூடாது என்று இந்தச் சட்டம் சொல்கிறது. மீறினால் அதையே காரணமாகக் காட்டி வீட்டைக் காலிசெய்யச் சொல்லி அவர் மனுப் போடலாம். அப்படிப் போட்டால் காலிசெய்ய வேண்டியது ஓசூரில் இருக்கிற நீங்கள் மட்டுமா? இங்கே ஒரு தப்பும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிற அவரும்தானே? அவர் மறுப்பதில் வேறு எந்த நியாயம் இருக்கிறதோ இல்லையோ, இந்த ஒன்று போதும்.

வாடகைப் பொறுப்பும் அப்படித்தான். இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால், "ஆளுக்குப் பாதி" என்பது உங்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, வீட்டுக்காரர் முழு 12,000 ரூபாயையும் இரண்டு பேரில் எவரிடமும் கேட்கலாம். கட்டியவர் பிறகு மற்றவரிடம் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் கொண்டுவருகிற பையன் மூன்றாம் மாதம் கையை விரித்தால் வீட்டுக்காரர் யார் கதவைத் தட்டுவார்? உள்ளே இருப்பவர் கதவைத்தான்.

ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால் காகிதப்படி உங்கள் கை ஓங்கும். ஆனாலும் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கூட இருப்பவர் பெயர் மட்டும் இருந்தால் பேச்சே வேறு. அப்போது நீங்களே அவர் தயவில் இருப்பவர், இன்னொருவரை வைக்கிற இடத்தில் நீங்கள் இல்லை.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. இங்கே ஊருக்கு ஊர் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளில் பாதிக் கதை இதுதான். பள்ளத்தூர் பக்கம் எங்களுக்கும் பங்காளிகள் வீடு ஒன்று உண்டு. வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி இரட்டை வீடுகள், அதாவது இரண்டிரண்டு அறைகள். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஒன்று. கல்யாணமான கையோடு பிள்ளையை வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரைக்குக் கீழே தனி உலை, தனிக் கணக்கு. ஆனால் முகப்பும் வளவும் கிணறும் எல்லோருக்கும் பொது. சென்னையில் இருக்கிற சித்தப்பா ஒருவர் தன் பங்கைச் சினிமாப் படப்பிடிப்புக்கு விடப்போகிறேன் என்று கிளம்பினார். "என் பங்கை நான் விடுறேன், இதுல யாரைக் கேக்கணும்?" என்பது அவர் கட்சி. ஊரிலேயே இருந்த ஆச்சி ஒருவர் சண்டைக்கே போகவில்லை. "உன் பங்கு அந்த இரட்டை வீடுதானப்பா. வர்றவுக அதுக்குள்ளயேவா நிப்பாக? வளவுல வந்து நிப்பாகள்ல, அது யாரு பங்கு?" என்று கேட்டார். சித்தப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை.

வீட்டில் பங்குள்ள உரிமையாளருக்கே நிலைமை அப்படி. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவில், பாகம் பிரியாத குடும்பத்து வீட்டில் ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்றாலும், வாங்கியவர் உள்ளே வந்து மற்றவர்களோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை அந்தப் பிரிவால் வராது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாடகைக்கு இருப்பவர். உங்கள் வளவு என்பது அந்தக் கூடமும் அடுப்படியும் ஒற்றைக் குளியலறையும்தான்.

எங்கள் வீட்டு விவகாரம் நிபந்தனைகளோடு முடிந்தது. படப்பிடிப்பு முகப்போடு நிற்க வேண்டும், பின்னால் இருக்கிற இரண்டாங்கட்டுக்குள் யாரும் வரக் கூடாது, வருகிற பணத்தில் ஒரு பகுதி ஓடு மாற்றுகிற செலவுக்கு. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுத்த ஆச்சியே கடைசியில் வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார் என்பது வேறு விஷயம்.

ஆகவே கூட இருப்பவரிடம் உரிமை பேசாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யாருமே வேண்டாங்கிறீங்களா, இந்தப் பையன் வேண்டாங்கிறீங்களா?" இரண்டுக்கும் பதில் வேறு. பெரும்பாலும் பிரச்சினை இந்தப் பையனாகத்தான் இருக்கும். அதுவும் மனதுக்குள் இருப்பதை மரியாதைக்காகச் சொல்லாமல் மென்று விழுங்குவார்கள். இந்தப் பக்கத்தில் சைவச் சமையல் மட்டும் என்று பேசி வீடு விடுகிறவர்கள் கணிசம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பேச்சு இருந்து, வரப்போகிறவன் கோழி வாங்கிவந்து சமைக்கிறவன் என்றால் திட்டு வாங்கப்போவது இவர். பையன் ராத்திரி ஷிப்ட் போகிறவனா, நண்பர்கள் வந்து போவார்களா, வண்டி எங்கே நிற்கும், சாவி எத்தனை என்று கேள்விகள் இருக்கும்.

கரண்ட் பில்லை யாரும் முதலில் நினைப்பதில்லை. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கிறார்கள். முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் விலைப்படியே மாறிவிடும், ஆரம்ப யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகையும் குறைந்துவிடும் என்பது பில் வந்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. புதுப் பையன் சித்திரை வெயிலில் ஏசியை ஓட்டினால், ஏசியே இல்லாத அறையில் படுப்பவரும் சேர்ந்து கட்ட வேண்டிவரும். "500க்கு மேல் போனால் கூடுவது அவன் கணக்கு" என்று நீங்களே முதலில் சொல்லிப் பாருங்கள், பேச்சு இளகும்.

"யாருமே வேண்டாம்" என்றால் வற்புறுத்தக் கூடாது என்பது என் கருத்து. உங்கள் குணம் தெரிந்து உங்களோடு வீடு எடுத்தார். தெரியாத ஆளோடு அடுப்படியைப் பகிர்கிறேன் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வெளியூர் போவது உங்கள் வேலைக்காக. ஆறு மாதத்துக்கு 6,000 வீதம் 36,000 ரூபாய் நஷ்டமே என்ற உங்கள் கணக்கு எனக்கும் புரிகிறது. அதை அவர் கணக்கில் எழுதாதீர்கள். வேண்டுமானால் பேரம் பேசலாம். முழு வீடும் தனக்கே என்று ஆகிறபோது அவர் 8,000 கொடுக்கச் சம்மதிக்கலாம், நீங்கள் 4,000 கட்டினால் போதும். கரண்ட், தண்ணீர், கேபிள் எல்லாம் அவர் தலையில். அதிலும் மசியாமல், இன்னொரு ஆளையும் விடாமல், உங்களிடம் முழுப் பாதியும் வேண்டும் என்றால் மட்டும் அவர் நியாயம் தப்புகிறார். அப்போது ஒப்பந்தத்தில் சொன்னபடி நோட்டீஸ் கொடுத்து விலகிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து வந்தால் காரைக்குடியில் வீடா கிடைக்காது?

அவர் சம்மதித்தால் உள்வாடகை என்ற பெயரே வேண்டாம் என்பேன். மூன்று பேருமாக வீட்டுக்காரரைப் போய்ப் பாருங்கள். பையனும் கூட வர வேண்டும். ஆளைப் பார்க்காமல் இங்கே யாரும் சரி சொல்ல மாட்டார்கள். உங்கள் பெயரை எடுத்துவிட்டுப் பையன் பெயரைச் சேர்த்துப் புது ஒப்பந்தம் போட்டுக்கொள்வது எல்லோருக்கும் சுத்தம். பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டியதில்லை என்ற பழைய பேச்சை நம்பாதீர்கள். 2017 சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். திரும்பிவந்து அதே அறைதான் வேண்டும் என்றால் உங்கள் பெயர் இருக்கட்டும். வீட்டுக்காரரின் சம்மதத்தைப் பையன் பெயர், தேதி, எத்தனை மாதம் என்ற விவரத்தோடு எழுதி வாங்குங்கள். அவர் வாட்ஸாப்பில் "ஓகே தம்பி" என்று போட்டதைச் சம்மதமாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, "அத்தை பையன் வந்து தங்கியிருக்கான்" என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நீங்களும் உள்ளே இருக்கும்போது ஒரு விருந்தாளி தங்குவது உள்வாடகை ஆகாது. நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய், அறையை அவனிடம் ஒப்படைத்து, மாதாமாதம் பணமும் வாங்கினால் அது வேறு. மேலும் இது காரைக்குடி. அந்த அத்தை யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று மாடிவீட்டு அம்மா இரண்டாம் நாளே கேட்டுவிடுவார்.

அட்வான்ஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சண்டை அங்கேதான் முளைக்கும். உங்கள் 20,000 ரூபாயைப் பையனிடம் வாங்கிக்கொண்டு போய்விட்டால், வீடு காலியாகும் நாளில் வீட்டுக்காரர் மொத்த 40,000த்தையும் உள்ளே இருப்பவர் கையில்தான் கொடுப்பார், சுவர் அழுக்குக்கும் பெயிண்டுக்கும் பிடித்தது போக. யாருக்கு எவ்வளவு திரும்ப வர வேண்டும், பிடித்தம் யார் கணக்கில் என்று அதே காகிதத்தில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். ஓசூருக்குக் கிளம்பும் முன் அறையைச் சுவர், தரை, அலமாரி என்று கைபேசியில் படம் எடுத்து மூன்று பேருக்கும் அனுப்பி வையுங்கள்.