மார்பக இம்பிளாண்ட் அறுவைக்கு எப்படித் தயாராவது? ஒரு பக்கம் மட்டும் வைத்துக்கொண்ட ஒருத்தியின் பதில்

கேள்வி கேட்டிருப்பவருக்கு 23 வயது. தை மாதம் கல்யாணம். அதற்கு இரண்டு மாதம் முன்னால் மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை செய்துகொள்ள நினைக்கிறார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று ஒரு கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். என்னென்ன விசாரிப்பது, எப்படித் தயாராவது, வரப்போகிறவரிடம் சொல்லவேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் வேண்டாம். வீக்கம் வடிந்து, இம்பிளாண்ட் (மார்புக்குள் வைக்கிற பை) கொஞ்சம் கீழிறங்கித் தன் இடத்தில் உட்கார மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முகூர்த்த ரவிக்கைக்கு இன்று கொடுக்கிற அளவு அன்றைக்குச் சரியாக இருக்காது. தழும்பும் அப்போது சிவந்து தடித்துத்தான் இருக்கும்.

எனக்கு 35 வயது, ஊர் திருச்சி. என் இடது மார்பு வளரவே இல்லை. பதிமூன்று வயதில் வலது பக்கம் வளரத் தொடங்கியபோது இடது பக்கமும் பின்னாலேயே வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அம்மாவிடம் சொன்னதற்கு, "கல்யாணம் ஆகி ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள். தெருமுனை டெய்லர் அக்காவுக்கு மட்டும்தான் என் அளவு முழுதாகத் தெரியும். ரவிக்கையின் இடது பக்கத்தில் பஞ்சு வைத்து, மேலே ஒரு துணி கொடுத்து, வெளியே தெரியாமல் தைத்துத் தருவார். கல்லூரி முடியும்வரை துப்பட்டா இல்லாமல் நான் ஒரு போட்டோவில்கூட நின்றதில்லை. மகள் பிறந்தபோது இடது பக்கம் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. வலது பக்கம் மட்டும் குடித்தே அவள் வளர்ந்தாள், இரண்டுக்கும் வித்தியாசம் இன்னும் கூடிப்போனது. அவள் பால்குடி மறந்து ஆறு மாதம் கழித்து, என் 31 வயதில், இடது பக்கத்துக்கு மட்டும் சிலிக்கான் இம்பிளாண்ட் வைத்துக்கொண்டேன். உங்கள் காரணம் வேறாக இருக்கலாம். எது பெரிய காரணம், எது சின்னக் காரணம் என்று எடைபோட நான் வரவில்லை. விசாரிக்க வேண்டியவை எல்லோருக்கும் பெரும்பாலும் ஒன்றுதான்.

நானும் முதலில் ஒரு தள்ளுபடி கிளினிக்குக்குத்தான் போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு கவுன்சிலர் முக்கால் மணி நேரம் ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். டாக்டர் வந்து ஐந்து நிமிடம் இருந்திருப்பார். டேப் எடுத்து ஓர் அளவு பார்க்கவில்லை, "350 சிசி போட்டுடலாம்" என்று இம்பிளாண்டின் கொள்ளளவைச் சொன்னார். அவர் படித்தது தோல் மருத்துவம் என்று விசாரித்தபோது தெரிந்தது. கவுன்சிலர் என்னிடம், "ரிசல்ட்டைப் பாருங்க மேடம், டிகிரியை ஏன் பாக்கறீங்க?" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

டிகிரியைத்தான் பார்க்க வேண்டும். எம்சிஎச் பிளாஸ்டிக் சர்ஜரி, அல்லது அதே துறையில் டிஎன்பி, இந்த இரண்டு மேற்படிப்புகளில் ஒன்று இருக்க வேண்டும். 'காஸ்மெட்டிக் சர்ஜன்' என்று போர்டில் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தேசிய மருத்துவ ஆணையத்தின் இந்திய மருத்துவப் பதிவேட்டில் இணையத்திலேயே பார்க்கலாம். கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அறுவை எந்த ஆஸ்பத்திரியில் நடக்கும், மயக்க மருந்து கொடுப்பவர் யார், இரவில் ரத்தம் கசிந்தால் ஐசியு அங்கேயே இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். முழு மயக்கத்தில் செய்கிற அறுவை இது. தனி கிளினிக்கின் மாடி அறையில் செய்கிற வேலை இல்லை.

பிறகு நான் போன சர்ஜன், தொண்டைக் குழியிலிருந்து காம்பு வரை, மார்பின் அடி அகலம், தோலைக் கிள்ளிப் பிடித்தால் எவ்வளவு கனம் என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொண்டார். "எத்தனை சிசி வேணும்னு நீங்க சொல்ல வேணாம், உங்க மார்போட அகலம் சொல்லும்" என்றார். மேல் கையில் பிசிஜி ஊசி போட்ட தழும்பையும், காது குத்திய இடத்தையும் பார்த்தார். நம் தோலில் தழும்பு தடித்து வளர்கிற வாகு பலருக்கு உண்டு. அந்த இரண்டு இடங்களைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும் என்றார். பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததைச் சொன்னதும் வேறு பேச்சை எல்லாம் நிறுத்திவிட்டு, முதலில் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். நாற்பதுக்குக் கீழே பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட்தான். இம்பிளாண்ட் வைப்பதற்கு முன்னால் எடுத்த ஒரு ஸ்கேன் கையில் இருப்பது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு சிசி என்பதும் ஒரு மில்லி என்பதும் ஒன்றுதான். குழந்தைக்குப் பால் அளக்கிற கோப்பையில் அரிசியை அளந்து, மெல்லிய சாக்ஸில் போட்டு முடிந்து, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நான் 220 மில்லி அரிசியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சமைத்து, துவைத்து, மாடிப்படி ஏறி இறங்கிப் பார்த்தேன். எடை தோளுக்கு எப்படி இருக்கும் என்பது கண்ணாடி முன்னால் நின்றால் தெரியாது.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். இது ஒரே அறுவையோடு முடிகிற காரியம் இல்லை. இம்பிளாண்ட் ஆயுசுக்கும் இருக்கிற பொருள் இல்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சொல்கிறது. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை பத்து வருடத்துக்குள் அதை எடுக்க வேண்டி வருகிறது என்று 2011இல் அது வெளியிட்டது. உடம்பு இம்பிளாண்டைச் சுற்றி ஒரு சவ்வுப் பை கட்டும், அது இயல்பு. சிலருக்கு அந்தப் பை இறுகி, மார்பு கல் மாதிரி ஆகி வலிக்கும். உறை கிழியலாம். சிலிக்கான் ஜெல் கெட்டியானது என்பதால் கிழிந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால் ஐந்து ஆறு வருடத்தில் முதல் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்று அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு அடுத்த வருடம் முதல் ஸ்கேன். என்னைப் போல ஒரு பக்கம் மட்டும் வைத்தவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வயது ஏற ஏற இயற்கையான பக்கம் தளரும், இம்பிளாண்ட் இருக்கிற பக்கம் அப்படியே நிற்கும்.

உங்களுக்கு 23 வயதுதான். பிள்ளைப்பேறு, பாலூட்டல் எல்லாம் இனிமேல்தான். அதில் மார்பின் வடிவமே மாறும், இன்று சரியாக அமைந்தது அன்று சரியாக இருக்குமா என்று சொல்ல முடியாது. இப்போதேதான் செய்வது என்றால், காம்பைச் சுற்றிக் கீறாமல் மார்பின் அடி மடிப்பில் கீறச் சொல்லுங்கள். பால் குழாய்களுக்குச் சேதம் குறைவு.

'எந்த கம்பெனி, என்ன மாடல்' என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். முதல் சிலிக்கான் இம்பிளாண்ட் 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற பெண்ணுக்கு வைக்கப்பட்டது. அதன் பிறகு பெண்கள் பட்ட பாடு நிறைய. 1992இலிருந்து 2006 வரை, அழகுக்காக சிலிக்கான் வைப்பதை அமெரிக்காவில் நிறுத்தியே வைத்திருந்தார்கள். பிரான்ஸின் பிஐபி கம்பெனி மருத்துவத்துக்கு அனுமதிக்கப்படாத, தொழிற்சாலை வேலைக்கான சிலிக்கானை அடைத்து விற்றது 2010இல் வெளிவந்தது. பல நாடுகளில் பெண்கள் அதை எடுக்க மறுபடியும் அறுவை மேஜையில் படுத்தார்கள். சொரசொரப்பான உறை கொண்ட சில வகைகளால் நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று வருவது உறுதியானதும், அல்லர்கன் கம்பெனி தன் பயோசெல் வகையை 2019 ஜூலையில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அது அரிதான நோய்தான். ஆனால் வைத்துப் பல வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று நீர் கோத்து வீங்கினால் சும்மா விடக் கூடாது. இதனால்தான் நான் வழவழப்பான உறையைக் கேட்டு வாங்கினேன். உடல் அசதி, மூட்டுவலி, மறதி என்று பொதுவான உபாதைகளைச் சொல்கிற பெண்களும் இருக்கிறார்கள். 2021இல் அமெரிக்காவில் இதையும் கட்டாய எச்சரிக்கைக்குள் கொண்டுவந்து, அறுவைக்கு முன் டாக்டரும் நோயாளியும் சேர்ந்து படித்துக் கையெழுத்திட ஒரு பட்டியலையும் தந்தார்கள். அதை இணையத்திலிருந்து இறக்கி, ஆங்கிலம் தெரிந்த ஒருவரை வைத்து வரிக்கு வரி படியுங்கள். அறுவை முடிந்ததும் இம்பிளாண்டின் சீரியல் எண் உள்ள அட்டையை வாங்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். என்னுடையது ஆதார் அட்டையோடு ஒரே கவரில் இருக்கிறது.

இம்பிளாண்டே வேண்டாம் என்றால், வயிறு தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து மார்பில் ஏற்றுகிற முறை இருக்கிறது. ஏற்றியதில் ஒரு பகுதி கரைந்துபோகும், இரண்டு தடவை செய்ய வேண்டி வரலாம். எடுக்கிற அளவுக்கு என் உடம்பில் கொழுப்பு இல்லை.

பணத்தைப் பற்றி. அழகுக்கான அறுவை எதற்கும் மருத்துவக் காப்பீடு கிடைக்காது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் சீரமைப்பது மாதிரியானவற்றுக்கு மட்டும் கிடைக்கும். சாதாரண மருத்துவத்துக்கு இல்லாத ஜிஎஸ்டி இதற்கு உண்டு, நான் செய்தபோது 18 சதவீதம். பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் இவற்றைச் சரிசெய்வதற்கு அந்த வரி இல்லை. என் சர்ஜன் கேஸ் ஷீட்டில் வளர்ச்சிக் குறை என்று தெளிவாக எழுதினார், அதனால் தப்பித்தேன். கிளினிக் சொல்கிற தொகைக்குள் வரி, இம்பிளாண்ட் விலை, மயக்க டாக்டர், மறுபரிசோதனை எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். முக்கியமாக இதைக் கேளுங்கள்: "பத்து வருஷத்துல இத எடுக்கணும்னா யாரு செலவு?" தள்ளுபடி கிளினிக்கில் இதற்கு எனக்குப் பதில் வரவில்லை. நான் அறுவை முடிந்த மாதமே தபால் நிலையத்தில் ஆர்டி ஒன்று போட்டேன். அது அடுத்த அறுவைக்கு. பணம்தான் தடை என்று நினைத்து இதைப் படிக்கிற, என்னைப் போல் குறை உள்ள பெண்களுக்கு ஒன்று: சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் 2018 பிப்ரவரியில் மார்பகச் சீரமைப்புக்கென்றே இலவசப் பிரிவு தொடங்கினார்கள். தனியாருக்குக் கடன் வாங்குவதற்கு முன்னால் அங்கே போய்க் கேளுங்கள்.

உடம்பைத் தயார்செய்வது பற்றி. எனக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்ததால், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு அது ஏறிய பிறகுதான் தேதியே கொடுத்தார்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய், பூண்டு கேப்சூல், வைட்டமின் இ, லேகியம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம் உறைவதைக் கெடுப்பவற்றை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். கருத்தடை மாத்திரையையும் சொல்லுங்கள். சொத்தைப் பல் இருந்தால் முன்பே பார்த்துவிடுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே விட வேண்டும், இல்லாவிட்டால் காயம் சரியாக ஆறாமல் போகலாம்.

வீட்டைத் தயார்செய்வதை யாரும் சொல்வதில்லை. எனக்கு இம்பிளாண்டை மார்புத் தசைக்கு அடியில் வைத்தார்கள். முதல் மூன்று நாள் நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அதனால் அறுவைக்கு முந்தின நாளே மேல் அலமாரியிலிருந்த பருப்பு டப்பா, காபித் தூள் எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்தேன். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நான்கு வேண்டும். தலைக்கு மூன்று தலையணை வைத்து மல்லாந்துதான் தூங்க வேண்டும். குக்கர், தண்ணீர்க் குடம், மாவு அரைக்கும் கிரைண்டர் கல் எதையும் ஆறு வாரம் தொடவிடவில்லை. ஸ்கூட்டி ஒரு மாதம் கழித்துத்தான். வலி மாத்திரையில் மலச்சிக்கல் வரும், வாழைப்பழமும் கீரையும் முன்பே வாங்கச் சொல்லுங்கள். என்னை உலுக்கியது இது எதுவும் இல்லை. மூன்று வயது மகள் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள், தூக்க முடியவில்லை. அதற்கு அவளை முன்பே பழக்கியிருக்க வேண்டும். "அம்மா உக்காந்துக்கறேன், நீ பக்கத்துல வா" என்று தரையில் உட்கார்ந்து பழகிக்கொண்டோம்.

கடைசியாக, சொல்வதா வேண்டாமா என்று கேட்டீர்கள். நானும் கணவரும் வீட்டில் "மார்ல கட்டி, எடுக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டோம். பெரியம்மா கதை எல்லோருக்கும் தெரியும், மேலே கேட்க மாட்டார்கள் என்று நினைத்தோம். ஆனால் அத்தை, என் மாமியார், தினமும் சாயங்காலம் "டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சாம்மா?" என்று கேட்டார்கள். சமயபுரத்தாளுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டார்கள். பத்தாம் நாள், கையைத் தூக்க முடியாத எனக்கு அவர்கள்தான் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சீப்பு நின்றது. "இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருக்கோம், எனக்கு ஒரு நாளும் தெரியலையேம்மா" என்றார்கள். அப்புறம் பின்னலை முடித்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டார்கள். மாவிளக்கையும் போட்டார்கள்.

ஊருக்குச் சொல்ல வேண்டாம். வரப்போகிறவரிடம் சொல்லுங்கள். ஸ்கேன், பாலூட்டல், பத்து வருடத்தில் வரக்கூடிய அடுத்த அறுவை எல்லாம் அவரோடு சேர்ந்து வாழப்போகிற வீட்டில்தான் நடக்கும். முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். ரவிக்கையை இப்போதைய அளவிலேயே தைக்கக் கொடுங்கள், உள்ளே பேட் வைத்துத் தைக்கத் தெரியாத டெய்லர் இல்லை. தை முடிந்த பிறகும் இதே ஆசை இருந்தால் அளந்து பார்க்கிற ஒரு சர்ஜனிடம் போங்கள். என்னிடம் கேட்க வேறு ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.