கொழும்பு மழைக்குக் குதிரைக்கு எந்த நீர்புகாப் போர்வை வாங்கலாம்?

பின்னால் வாசிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்வுபெற்ற தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரை ஒன்றைப் பொறுப்பேற்று, கொழும்புக்கு வெளியே குடும்பக் காணியில் வைத்திருக்கிறீர்கள். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி மழை தொடங்குவதற்குள் அதற்கு ஒரு நீர்புகாப் போர்வை எடுக்க நினைக்கிறீர்கள். இங்கிலாந்து இணையக்கடை ஒன்றில் 1200 டெனியர் (நூலின் தடிப்பு), 200 கிராம் நிரப்பு (உள்ளே வைத்த பஞ்சு) என்று குறித்த டர்ன்அவுட் ரக், அதாவது வெட்டவெளியில் விடும் குதிரைக்கான போர்வை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் பெரியப்பாவோ புறக்கோட்டையில் லொறிப் படங்கை வெட்டித் தைத்துக்கொண்டால் போதும் என்கிறார். இரண்டில் எது நல்லது என்பது கேள்வி.

இரண்டும் வேண்டாம். கொழும்பின் புறநகரில் குதிரைகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இங்கிலாந்துப் போர்வை தரமானதாகவே இருக்கலாம். ஆனால் அது கடுங்குளிரில், நாள் முழுக்கத் தூறலில், வெட்டவெளியில் நிற்கும் குதிரைக்காகத் தைக்கப்பட்டது. கொழும்பில் மழை கொட்டும் இரவில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 24 பாகை செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஆரோக்கியமான வளர்ந்த குதிரை ஏறக்குறைய 5 முதல் 25 பாகை வரை தன் உடலைச் சூடாக்கவோ குளிர்விக்கவோ தனியாகப் பாடுபட வேண்டியதில்லை. எங்கள் ஊரின் குளிர்ந்த இரவே அந்த எல்லையின் மேல்விளிம்பைத் தொட்டு நிற்கிறது. அங்கே நிற்கும் விலங்கின் மேல் பஞ்சு நிரப்பிய போர்வையைப் போட்டுக் கட்டுவது கொடுமை.

குதிரையின் வயிறே ஓர் அடுப்பு. தின்ற புல் பெருங்குடல் பகுதியில் நொதிக்கும்போது வெப்பம் பிறந்துகொண்டே இருக்கிறது. குளிர்நாட்டில் அது வரம். இங்கே அந்த வெப்பம் வெளியேறியாக வேண்டும், அதற்கு முக்கிய வழி வியர்வை. ஈரக்காற்றில் வியர்வை ஆறுவதே சிரமம் என்பதைக் கொழும்பில் வசிக்கும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த நாடுகளில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகிறது. தோல் உலர்ந்து கிடக்கும், மூக்கு விரியும், நிழலில் நின்றாலும் மூச்சு இரைக்கும். மலைநாட்டிலிருந்து இறங்கி வந்த உங்கள் குதிரையிடம் முதல் சில மாதங்கள் இதைத்தான் கண்ணுக்குள் வைத்துக் கவனிக்க வேண்டும். ஓய்வில் நிற்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சுவிடும். விலாவைப் பார்த்து எண்ணுங்கள். அமைதியாக நிற்கும்போதே அதைவிட வெகு வேகமாக இருந்தால் மிருக வைத்தியரை அழையுங்கள்.

‘காற்றோட்டமுள்ள துணி’ என்று அட்டையில் எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தத் துணி பொய்யில்லை. உள்ளே இருக்கும் நீராவி வெளியே போவதற்கு, உள்ளே ஆவியின் அழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். குளிர்நாட்டில் அந்த வித்தியாசம் பெரிது, அதனால் ஆவி வெளியேறிவிடுகிறது. கொழும்பில் வெளிக்காற்றே ஆவியால் நிறைந்திருப்பதால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. மேல்துணி மழையில் ஊறிவிட்டால் இன்னும் மோசம். அங்கே அளந்து அட்டையில் அச்சிட்ட காற்றோட்ட எண் இங்கே அப்படியே கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். போர்வைக்குள் தோல் ஈரமாகவும் சூடாகவும் கிடந்தால், மழைச்சொறி என்று நாங்கள் சொல்லும் நோய்க்குக் கதவு திறந்துவிடுகிறது. டெர்மட்டோஃபிலஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நோய் அது. முதுகிலும் பின்பாகத்திலும் மயிர் சிறு தூரிகைகளைப் போலக் கற்றை கற்றையாகத் திரண்டு, பொருக்கோடு பெயர்ந்து வரும். மழையிலிருந்து காப்பாற்ற வாங்கிய போர்வையே அந்த நோயை வளர்த்துவிடக்கூடும்.

பெரியப்பாவின் யோசனைக்கு வருகிறேன். லொறிப் படங்கில் காற்றோட்டம் துளியும் இல்லை, ஓரம் தோலை அறுக்கும், நடக்கும்போது எழும் சரசரப்பில் குதிரை மிரண்டு ஓடும். அந்தப் படங்கை வாங்குங்கள், ஆனால் லாயத்தின் மழையடிக்கும் பக்கத்தில் திரையாகக் கட்டுங்கள். அதற்கு அது மிகவும் நல்லது.

கொழும்பு மழை குதிரைக்குக் கெடுதி செய்வது பெரும்பாலும் கீழேயிருந்துதான். சேறு நிறைந்த காணியில் நாட்கணக்கில் நின்றால் குளம்பின் அடியிலுள்ள முக்கோண வடிவ மென்பகுதி அழுகத் தொடங்கும். கறுப்பாகக் கசிந்து நாற்றமடிக்கும். குளம்பைத் தூக்கியவுடனே மூக்குக்குத் தெரிந்துவிடும். குளம்புக்கு மேலே கணுக்காலின் பின்பள்ளத்திலும் சொறி பிடிக்கும். தேங்கிய நீரும் எலிகளும் சேர்ந்த இடத்தில் மனிதருக்கு வரும் எலிக்காய்ச்சல் குதிரைக்கும் வரும், அதன் கண்ணையும் அது தாக்கக்கூடும். இவை எதையும் எந்தப் போர்வையும் தடுக்காது. ஆகவே போர்வைக்கு ஒதுக்கிய பணத்தின் பெரும்பகுதியை நிலத்தில் போடுங்கள். தரையை உயர்த்தி, கருங்கல் தூளோ மணலோ கொட்டி, கூரைநீர் பீலி வழியாகக் காணிக்கு வெளியே போகும்படி செய்யுங்கள். குதிரை நிற்கும் இடம் குறைந்தது 12 அடிக்கு 12 அடி இருக்கட்டும். தகரக் கூரை என்றால் மேலே கிடுகு போடுங்கள். வெயிலில் சூடும் குறையும், மழையில் இரைச்சலும் குறையும். இரண்டு பக்கமாவது திறந்திருந்து காற்று ஊடுருவிப் போக வேண்டும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் எங்களுக்கு வரும் பிற்பகல் மழை இடியோடும் மின்னலோடும் வருவது. அந்த நேரத்தில் குதிரை வெளியிலே நிற்கவே கூடாது. தனித்து நிற்கும் தென்னைக்கும் மாமரத்துக்கும் அடியில் ஒதுங்கிய கால்நடைகள் மின்னலில் மாண்ட செய்தி ஆண்டுதோறும் வருகிறது. குதிரையை உள்ளே கொண்டுவந்துவிட்டால் போர்வைப் பேச்சுக்கே இடமில்லை. எஞ்சுவது தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காலத்தின் விட்டுவிட்டுப் பெய்யும் மழை. அதில் நனைவதைப் பல குதிரைகள் விரும்பவே செய்கின்றன. நனைந்து வந்த குதிரையின் நீரை வழித்தெடுத்து, காற்றில் நிறுத்தி, காய்ந்ததும் தேய்த்துவிட்டால் போதும்.

எல்லாக் குதிரைக்கும் இது பொருந்தாது. வயதேறி உடம்பு பிடிக்காமல் மெலிந்தவை, நோயிலிருந்து தேறி வருபவை, முதுகில் புண்ணுக்கு மருந்து போட்டு நனையாமல் வைத்திருக்க வேண்டியவை ஆகியவற்றுக்கு, காற்றோடு கூடிய மழையில் ஒரு மெல்லிய மறைப்புத் தேவைப்படலாம். உங்கள் குதிரை அந்த வகையா என்பதை மிருக வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். தேவை என்று அவர் சொன்னால் வாங்க வேண்டியது 0 கிராம் நிரப்புள்ளது, அதாவது பஞ்சே இல்லாதது. கழுத்து மூடி வேண்டாம். நிறம் வெளிறியதாக இருக்கட்டும், ஏனென்றால் மழை விட்ட மறுநிமிடம் இங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும், கருநீலத் துணி அதை அப்படியே உறிஞ்சும்.

டெனியர் என்ற எண்ணைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். 9000 மீற்றர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதே டெனியர். எண் கூடினால் துணி கிழியாமல் தாங்கும், பாரமும் கூடும். சூட்டையோ நீர்புகாத் தன்மையையோ அது காட்டாது. தனியாக, சாதுவாக நிற்கும் குதிரைக்கு 600 தாராளம். ஒன்றையொன்று கடித்து இழுக்கும் கூட்டத்தில் விடுவதானால், அல்லது வேலி முள்ளுக்கம்பி என்றால், 1200 பாருங்கள். முள்ளுக்கம்பி வேலியை முதலில் மாற்றுங்கள் என்பதே என் உண்மையான பதில். நீரைத் தாங்கும் அளவு மில்லிமீற்றரில் தரப்பட்டிருக்கும். 3000 மில்லிமீற்றர் இருந்தால் குதிரைக்குப் போதும். அதற்கு மேல் எண்ணுக்குக் காசு கொடுப்பதைவிடத் தையலைப் பாருங்கள். முதுகெலும்பின் நேர்மேலே தையல் ஓடக்கூடாது, மற்றத் தையல்கள் உட்புறம் நாடா ஒட்டி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். மழை உள்ளே இறங்குவது தையல் ஊசி போட்ட ஓட்டைகள் வழியாகத்தான்.

அந்திக்கும் விடியலுக்கும் சிறு கொசுகுகள் கடித்து, பிடரியையும் வால் அடியையும் குதிரை தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறதா? அப்படியானால் வலைத்துணிப் போர்வையில் முதுகின் மேற்பகுதிக்கு மட்டும் நீர்புகாத் துணி வைத்துத் தைத்த வகை கிடைக்கிறது. கொழும்பில் ஒரே ஒரு போர்வைதான் வாங்கலாம் என்றால் நான் அதைத்தான் வாங்குவேன்.

அளவெடுப்பது எளிது. குதிரையைச் சமதரையில் நேராக நிறுத்தி, மார்பின் நடுவிலிருந்து விலா வழியே பின்தொடையின் பின்விளிம்பு வரை நாடாவைப் பிடியுங்கள். பிரித்தானியக் கடைகள் அந்த அளவை அடி அங்குலத்தில் கேட்கும், 6 அடி என்றால் 183 சென்ரிமீற்றர். ஐரோப்பியக் கடைகள் பல முதுகின் நீளத்தைச் சொல்வதால் அங்கே எண் சிறிதாக இருக்கும், குழம்பவேண்டாம். தரோபிரெட்டுகளுக்குக் கழுத்தும் முதுகும் சேரும் மேடு உயரம், தோள் ஒடுக்கம். போர்வை பின்னோக்கி வழுக்கி அந்த மேட்டில் அழுந்தும், தோள்முனையில் மயிர் உதிரும். ஆகவே கழுத்துவிளிம்பு மேட்டுக்கு முன்னால் உட்கார வேண்டும், தோளில் மடிப்பு விட்டுத் தைத்திருக்க வேண்டும். வயிற்றுக்குக் கீழ் குறுக்கே போகும் பட்டிக்கும் உடலுக்கும் இடையில் ஒரு கையகலம் இருக்கட்டும். பின்கால் பட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் போக வேண்டும், அப்போதுதான் தொடையின் உட்புறத்தை உரசாது.

மாட்டும்போது மார்புப் பட்டியை முதலில் பூட்டுங்கள், பின்கால் பட்டியைக் கடைசியாக. கழற்றும்போது பின்காலிலிருந்து தொடங்கி, மார்பைக் கடைசியாக அவிழுங்கள். இந்த ஒழுங்கை லாயத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் கண்டிப்பாகப் பழக வேண்டும். மார்பு அவிழ்ந்து பின்கால் மாத்திரம் பூட்டியிருக்கும் வேளையில் குதிரை மிரண்டால், போர்வை பின்னால் சரிந்து கால்களில் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சிக்கிய குதிரை எலும்பு முறியும்வரை உதைக்கும்.

போர்வை போட்ட நாளில் காலையும் மாலையும் முழுதாகக் கழற்றித் தோலைப் பாருங்கள். இடைப்பட்ட நேரத்திலும் முழங்கைக்குப் பின்னால் கையை உள்ளே விடுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் மழை பெய்துகொண்டிருந்தாலும் கழற்றிவிடுங்கள். இரண்டு போர்வைகள் இருந்தால்தான் ஒன்று காயும்போது மற்றதைப் பாவிக்கலாம். ஈரமானதைத் திரும்பப் போடவே கூடாது.

நீர்புகாப் பூச்சு பெரும்பாலும் பொலியூரிதேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது தானாகவே சிதைந்து, பிசின்போல் ஒட்டி உரிந்துவிடும். பொலித்தீன் பைக்குள் மடித்து அலுமாரியில் வைத்த போர்வை அடுத்த மழைக்கு எடுக்கும்போது குப்பையாகியிருப்பது இதனால்தான். துவைத்து, நிழலில் நன்றாகக் காயவிட்டு, காற்றுப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். சாதாரண சலவைத்தூளும் துணி மென்மையாக்கியும் நீரை விலக்கும் தன்மையைக் கெடுக்கும். குளிர்நீரும் மென்மையான சவர்க்காரமும் போதும், சில துவைப்புகளுக்குப் பின் நீர்விலக்கித் தெளிப்பு அடிக்க வேண்டும். கடற்காற்றிலும் வியர்வையிலும் மலிவான கொளுக்கிகள் கறள் பிடித்து இறுகும், பித்தளை அல்லது துருவேறா உருக்காகப் பாருங்கள். பட்டி அறுந்தால், கொளுக்கி மாற்ற வேண்டுமானால், புறக்கோட்டையில் படங்கு தைக்கும் நானாமாரிடம் கொண்டுபோங்கள். அவர்கள் தைத்தால் மறுபடி அறாது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய போர்வை மலிவாகக் கிடைத்தால் முதலில் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டினால் விட்டுவிடுங்கள். நல்லதாக இருந்தாலும் கிருமிநாசினியில் ஊறவைத்துத் துவைக்காமல் போடாதீர்கள், படர்தாமரை போர்வை வழியாகவும் ஒரு குதிரையிலிருந்து மற்றதற்குப் போகிறது.

குதிரையை மறுபடி நுவரெலியாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மட்டும் என் பதில் மாறும். 1868 மீற்றர் உயரத்தில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழும் ஊர் அது. அங்கே மயிர் கத்தரித்த அல்லது மெலிந்த குதிரைக்கு 50 அல்லது 100 கிராம் நிரப்பு நியாயமானது. அங்கிருந்து லொறியில் கொழும்புக்குக் கொண்டுவரும்போதும் போர்வையோடு ஏற்றலாம். ஆனால் அற்றன் தாண்டி, கினிகத்தேனையில் நிறுத்தித் தண்ணீர் காட்டும்போதே கழற்றிவிட வேண்டும். அவிசாவளைக்கு வந்த பிறகு கழற்றலாம் என்று விட்டால் குதிரை வியர்வையில் குளித்துக்கொண்டு இறங்கும்.